பதினேழாம் இடம், பதினேழு வருடக் காத்திருப்பு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லண்டன் கால்பந்து கிளப் டாட்டன்ஹாம் பற்றித்தான். 2025 மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவோவில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மேனேஜர் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவை, பதினாறே நாளில், ஜூன் 6ஆம் தேதி கிளப் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கொதித்துப் போய் எழுதியவர்கள் இருக்கிறார்கள், நல்ல வேளை தொல்லை விட்டது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். நானும் பல வருடமாக இந்தக் கிளப்பின் பின்னால் போகிறவன்தான். அதனால் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று சொல்லப் போவதில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

கோப்பை வாங்கிக் கொடுத்தவரை நீக்குவது எந்த ஊர் நியாயம்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கிளப் தன் பக்கத்துக்கு ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிடலாம். 2023இல் அவர் வந்ததும் முதல் பத்து லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகள், எட்டு வெற்றி, இரண்டு டிரா. ஹாரி கேனை பயர்ன் மியூனிக்குக்கு விற்ற சூடு ஆறுவதற்குள் அணி பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஆடிய 66 லீக் ஆட்டங்களில் மொத்தமே 78 புள்ளிகள். அதாவது ஆட்டத்துக்கு ஒன்றேகால் கூட இல்லை.

இந்த 2024-25 சீசனை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம். 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 38 புள்ளி, பதினேழாவது இடம். 1977இல் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனிலிருந்து இறக்கப்பட்ட பிறகு இவ்வளவு கீழே போனதில்லை. கீழ் லீக்குக்கு இறக்கப்படும் கடைசி மூன்று அணிகளும் சுத்தமாக எழுந்திருக்கவே இல்லை, லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுதாம்ப்டன் 12 புள்ளிகள். அதனால்தான் கடைசி வாரங்களில் நமக்குப் பயம் இல்லாமல் போனது. அந்த மூன்றில் ஒன்று கொஞ்சம் உருப்படியாக ஆடியிருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் நம் தூக்கம் போயிருக்கும்.

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஒரு நிர்வாகி மேசையில் இந்தத் தாளை மட்டும் வைத்தால் அவர் நீக்கத்தான் செய்வார். ஆனாலும் நீக்கியது தவறு என்றுதான் சொல்வேன். போட்டி நடக்கும்போதே தன்னை மாற்றிக்கொண்ட மனிதரை, மாறுவதற்கு முன்னால் இருந்த கணக்கை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எதிரணி எதுவாக இருந்தாலும் முன்னேறிப் போய் நிற்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்பார்கள். அப்படிப்பட்டவர் இறுதிப் போட்டியை எப்படி ஜெயித்தார்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, நீங்கள் 2023 நவம்பர் 6ஆம் தேதி செல்சியுடன் நடந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் தேடிப் பாருங்கள். நம் டிஃபெண்டர் ரொமேரோ 33ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை, இரண்டாம் பாதியில் உடோகியும் வெளியே, மிச்சம் ஒன்பது பேர். எந்த அணியாக இருந்தாலும் தன் பெனால்டி பெட்டிக்குள் ஒடுங்கி நிற்கும். நம் ஆட்கள் நடுக்கோட்டில் போய் வரிசையாக நின்றார்கள். பின்னால் அத்தனை பெரிய வெற்றிடம், கோல்கீப்பர் விகாரியோ பெட்டியை விட்டு ஓடி ஓடிப் பந்தை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். 4-1 என்று தோற்றோம். ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம், நாங்கள் யார் என்பதே இதுதான் என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார் மனிதர். அன்று எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன், ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடம் மொரீன்யோ, நூனோ, கான்டே என்ற மேனேஜர்களின் கீழ் பயந்து பயந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நொந்து போயிருந்தோம்.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த சீசனில் மட்டும் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 6-3, செல்சியிடம் 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு 4-3 தோல்வி. நவம்பரில் அதுவரை ஒரு ஆட்டம் கூட ஜெயிக்காத இப்ஸ்விச் வந்து 2-1 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அடுத்த ஆட்டத்திலேயே மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்தில் 4-0 என்று அடித்தோம்! இப்படி ஒரு அணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீசன் முழுக்கப் போட்டது 64 கோல், வாங்கியது 65. இருபத்திரண்டு ஆட்டங்களில் தோற்ற அணியின் கணக்கு இது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் வசந்தத்தில் ஏதோ மாறியது. லீகில் அல்ல, ஐரோப்பாவில். ஃபிராங்க்ஃபர்ட்டுடன் சொந்த ஊரில் 1-1, அங்கே போய் சொலாங்கேயின் பெனால்டியில் 1-0. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, செயற்கைப் புல் விரித்த மைதானத்தில் பல பெரிய அணிகளைத் தடுமாற வைத்த நார்வே அணி போடோ கிளிம்டை அங்கேயே 2-0. இந்த ஆட்டங்களில் நம் அணி பின்னால் நின்றது, பந்தை விட்டுக் கொடுத்தது, நேரம் பார்த்து அடித்தது. போஸ்டெகோக்லுவின் அணி என்று சொன்னால் 2023இல் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த பில்பாவோ இறுதி ஆட்டம் அதன் உச்சம். நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பம், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால், அழகாகப் பந்தைக் கடத்தத் தெரிந்த மூன்று பேருமே காயத்தில். இருப்பதை வைத்துத்தான் ஆக வேண்டும். 42ஆவது நிமிடத்தில் நடுக்கள வீரர் பாப் சார் இடப்பக்கத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்ப, பிரென்னன் ஜான்சன் கால் நீட்ட, பந்து யுனைடெட்டின் லூக் ஷா மேல் பட்டுத் தடுமாறி உள்ளே உருண்டது. அழகான கோல் இல்லை. யாருக்கு வேண்டும் அழகு.

அதற்குப் பிறகு ஒரு முழு இரண்டாம் பாதி, மான்செஸ்டர் யுனைடெட் பந்தை வைத்துக்கொண்டே இருந்தது, நாம் நின்றுகொண்டே இருந்தோம். 68ஆவது நிமிடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. உயரமாக வந்த பந்தைப் பிடிக்க விகாரியோ வெளியே வந்து தவறவிட்டார், ஹோய்லுண்ட் தலையால் தட்டினார், பந்து மெதுவாக வளைந்து காலி கோலை நோக்கிப் போகிறது. அவ்வளவுதான் என்று கண்ணை மூடப் போனேன். எங்கிருந்தோ நம் டிஃபெண்டர் வான் டி வென் ஓடி வந்து, கோட்டுக்கு மேலே அந்தரத்தில் உடம்பை மல்லாத்தி, ஒற்றைக் காலால் பந்தைக் கொக்கி போட்டு வெளியே இழுத்துப் போட்டார். கடைசியில் ஜான்சனை வெளியே எடுத்து டான்சோவை இறக்கினார் மேனேஜர், தாக்கும் ஆளுக்குப் பதில் தடுக்கும் ஆள், பின்னால் ஐந்து பேர். நடுக்கோட்டில் ஒன்பது பேரை நிறுத்திய அதே மனிதர்! தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் கூட்டிய கடைசி நேரத்தில் ஷா தலையால் அடித்ததை விகாரியோ பிடித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இது நம்முடையதுதான் என்று.

ஒரு மேனேஜர் வளர்ந்தாரா என்று கேட்டால் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டு வருடத்தில் அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்று பாருங்கள். அறுபதை நெருங்குகிற வயதில், தன் பெயரே எந்த முறைக்கு அடையாளமோ அதையே ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கோப்பைக்காக வேறு மாதிரி ஆடத் துணிந்தார். அவர் கூடவே மூன்றாவது வருடமும் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

காயம் காயம் என்று சொல்லியே சீசனை ஓட்டிவிட்டார். எல்லா அணிக்கும்தான் காயம் வருகிறது?
— ஒரு வாசகி, சென்னை

பாதி சரி அம்மா. நவம்பரில் சிட்டியை 4-0 என்று அடித்த ஆட்டத்திலேயே விகாரியோவுக்குக் கணுக்காலில் எலும்பு உடைந்தது, உடைந்த காலோடு ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார். டிசம்பரில் செல்சி ஆட்டத்தில் ரொமேரோ, வான் டி வென் இருவரும் ஒரே நாளில் வெளியே. அப்புறம் பதினெட்டு வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்தில் ஆட வேண்டிய பையன், மாதக்கணக்கில் தடுப்பின் நடுவே, சென்டர்பேக்காக நின்றான். ஜனவரியில் ஸ்லாவியா பிராகிலிருந்து வந்த கின்ஸ்கி, வந்து சில நாளிலேயே லீக் கோப்பை அரையிறுதியில் லிவர்பூலுக்கு எதிராகக் கோலில் நின்றார், அந்த ஆட்டத்தை 1-0 என்று ஜெயிக்கவும் செய்தோம். திரும்ப அவர்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் 4-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

ஆனால் தொடைத் தசைக் காயங்கள் மட்டும் இத்தனை வரும்போது அதை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடு, பின்னால் வெற்றிடத்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடு என்று ஆட வைத்தால் தசை கிழியத்தான் செய்யும், வான் டி வென் போன்ற வேகக்காரனுக்கு முதலில் கிழியும். இதில் மேனேஜருக்குப் பங்கு உண்டு. வியாழக்கிழமை ஐரோப்பா, ஞாயிற்றுக்கிழமை லீக் என்று ஓடும் வாரத்துக்குப் போதுமான ஆட்களை வாங்கித் தராத நிர்வாகத்துக்கும் உண்டு. அந்த நிர்வாகத்தில் யாருக்கும் வேலை போகவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் ஆர்செனல் ரசிகன். நாங்கள் இரண்டாம் இடம், நீங்கள் பதினேழாம் இடம். எதற்கு இந்தக் கொண்டாட்டம்?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் அணி நல்ல அணி, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம், இந்த முறை ரியல் மாட்ரிட்டை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனீர்கள். தினமும் சந்தோஷமாகப் பார்க்கக்கூடிய ஆட்டம் உங்களுடையதுதான்.

ஆனால் நாங்கள் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 2008 பிப்ரவரியில், செல்சியை 2-1 என்று ஜெயித்த லீக் கோப்பை. ஐரோப்பாவில் கடைசியாக 1984இல். நடுவில் 2016-17இல் மேனேஜர் பொச்செட்டினோவின் அணி 86 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம், 2019இல் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோல்வி, 2021இல் லீக் கோப்பை இறுதியில் தோல்வி. நல்ல அணியாக இருந்து எதுவும் கிடைக்காத வருடங்களை நாங்கள் பார்த்துவிட்டோம். 2008இல் பிறந்த பையன் 2025இல் பிளஸ் டூ போகிற வயதுக்கு வந்துவிட்டான், அவன் அதுவரை ஒரு முறை கூடத் தன் அணி கோப்பையைத் தூக்கிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டான். பதினேழாம் இடத்தை யாரும் கொண்டாடவில்லை, அண்ணே.

மே 23 கோப்பை ஊர்வலத்தைப் பார்க்க எட்மன்டனில் நின்றிருந்தேன். பஸ்ஸில் போன மேனேஜருக்காக அத்தனை பேரும் கத்தினார்கள். இரண்டே வாரத்தில் அனுப்பிவிட்டார்களே, கிளப்புக்கு ரசிகர்கள் ஒரு பொருட்டே இல்லையா?
— ஒரு வாசகி, லண்டன்

நேரில் பார்த்த உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அன்று அவர் மைக்கைப் பிடித்து, நல்ல டிவி தொடர்களில் இரண்டாவது சீசனைவிட மூன்றாவது சீசன்தான் நன்றாக இருக்கும் என்ற பொருளில் சொன்னார் அல்லவா, தனக்கு மூன்றாவது சீசன் கிடைக்காது என்று அவருக்கே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நாள் கழித்து பிரைட்டனிடம் சொந்த மைதானத்தில் 4-1 தோல்வி. ஏப்ரல் 6இல் சவுதாம்ப்டனை ஜெயித்த பிறகு லீகில் ஒரு வெற்றி கூட வரவில்லை. முடிவை அதற்குள் எடுத்திருப்பார்கள்.

ரசிகர்கள் பொருட்டா என்று கேட்டீர்கள். டேனியல் லெவி 2001லிருந்து 2025 செப்டம்பர் வரை கிளப்பின் சேர்மனாக இருந்தார். 62,850 பேர் உட்காரும் மைதானம் கட்டினார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டு போன பொச்செட்டினோவை ஐந்தே மாதத்தில் நீக்கினார். மொரீன்யோவை லீக் கோப்பை இறுதிக்கு ஆறு நாள் முன்னால் நீக்கினார். கோப்பை கையில் இருந்தால் வேலை தப்பும் என்று நினைத்தோம், அதுவும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அடுத்து வருகிறவர் எந்த நம்பிக்கையில் வேலை செய்வார், எதைக் கொடுத்தால் இவர்களுக்குப் போதும்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

இரண்டாம் வருடத்தில் கோப்பை ஜெயிப்பேன் என்று அவர் முதலிலேயே சொன்னாராமே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

ஆமாம். 2024 செப்டம்பரில் ஆர்செனலிடம் 1-0 என்று சொந்த மைதானத்தில் தோற்ற கையோடு, தன் இரண்டாவது வருடத்தில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பது வழக்கம் என்றார். வருடம் முழுக்க அதை வைத்துக் கேலி செய்தார்கள். யோக்கோஹாமாவுக்கு 2018இல் போனார், 2019இல் ஜப்பான் லீக் பட்டம். ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் இரண்டாம் வருடம் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றும். சொன்னதைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

சான் ஹியூங் மின் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அவரைப் பற்றி எழுதுங்களேன்.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

2015இல் லெவர்குசெனிலிருந்து வந்தவர். பத்து வருடம், 173 கோல், ஒரு கோப்பை இல்லை. கேன் போனார், எரிக்சன் போனார், லோரிஸ் போனார், அல்லி போனார், கூட ஆடியவர்களில் பெரும்பாலோர் கிளம்ப இவர் இருந்தார். இந்த வருடம் காலில் காயம், வேகமும் பழையபடி இல்லை, இறுதி ஆட்டத்தில் ஆரம்பத்தில் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. கேப்டனை வெளியே வைப்பது சுலபமான முடிவு இல்லை, அவரும் முகம் கோணவில்லை. 67ஆவது நிமிடத்தில் ரிச்சார்லிசனுக்குப் பதிலாக இறங்கினார், இறங்கிய நிமிடத்திலிருந்து கோல் போடப் போகவில்லை, தன் பக்கத்து டிஃபெண்டருக்குத் துணையாகப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார், அப்புறம் தென்கொரியக் கொடியோடு கோப்பையைத் தூக்கினார். அந்த நேரம் எனக்கும் கண் மறைத்தது, வேறு என்ன எழுத.

போஸ்டெகோக்லுவுக்குப் பதில் 2025 ஜூனில் மேனேஜராக அறிவிக்கப்பட்ட தாமஸ் ஃபிராங்க் சரியான ஆளா?
— ஒரு வாசகர், சேலம்

நல்ல மேனேஜர், அதில் சந்தேகமே வேண்டாம். 2018 அக்டோபரில் லண்டனின் சிறிய கிளப் பிரென்ட்ஃபோர்டைக் கையில் எடுத்து 2021இல் பிரீமியர் லீக்குக்குக் கொண்டு வந்தார், அதற்குப் பிறகு கீழே இறங்க விடவில்லை. ஐவன் டோனியை விற்ற பிறகும் இந்த சீசனில் பத்தாம் இடம், எம்பெமோ 20, விஸ்ஸா 19 லீக் கோல்கள். எதிரணியைப் பார்த்து மூன்று டிஃபெண்டரா நான்கா என்று மாற்றிக்கொள்வார், கார்னர், நீளமான த்ரோ என்று பந்து நின்று கிளம்பும் இடங்களில் எல்லாம் கோல் தேடுவார். செப்டம்பரில் நம் மைதானத்துக்கு வந்து முதல் நிமிடத்திலேயே கோல் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் யோசனையாக இருக்கிறது. பிரென்ட்ஃபோர்டில் இரண்டு மாதம் தோற்றாலும் அவரை யாரும் தொட மாட்டார்கள். அவர் முதலில் தொடர்ந்து தோற்ற காலத்திலும் அங்கே பொறுத்துக்கொண்டதால்தான் இன்றைய ஃபிராங்க் நமக்குக் கிடைத்திருக்கிறார். இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தோல்வி என்றால் சாயங்காலத்துக்குள் கூச்சல் கிளம்பிவிடும், அதில் நம்மைப் போன்ற ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. ஜனவரியில் போஸ்டெகோக்லுவைத் துரத்தச் சொல்லிக் கத்தியவர்கள்தான் மே மாதம் அவர் பேரைச் சொல்லிப் பாடினார்கள். நானே டிசம்பர் லிவர்பூல் ஆட்டத்துக்குப் பிறகு போதும் இவர் என்று நண்பர்களிடம் சொன்னவன்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஆட்டம் எப்போது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

2025 ஆகஸ்ட் 13, இத்தாலியில் உடினே நகரம், ஐரோப்பிய சூப்பர் கோப்பை. எதிரே பாரிஸ் செயின்ட் ஜெர்மன், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலனை 5-0 என்று நொறுக்கிய அணி. நமக்கு மறுபடியும் நள்ளிரவு பன்னிரண்டரைதான். அந்த ஆட்டத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தவர் அன்று பெஞ்சில் இருக்க மாட்டார். நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.